என் கை என் சொல் கேட்டது

குளியலறைக் கதவைத் தாழிட்டாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள் உமையாள். அந்தச் சொல் இன்னொரு தடவை வந்துவிட்டால்?

"கண்ணு, கதவத் திற. ஒண்ணும் ஆகல." வெளியே தாய்மாமாவின் குரல். கர்னல் தாண்டவராயன், நெடுந்திட்டுத் தீவின் கரைக்காவல் படைக்குத் தலைவர். "வெறும் வேட்டு அது. சடங்குப் பீரங்கி. நாளைக்கும் அதேதான் வெடிக்கப்போவுது. இதுக்குப் போயி ஓடுவாங்களா?"

வேட்டுக்கு அவள் ஓடவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்துத்தான் ஓடினாள்.

சற்று முன்புதான் கோட்டைக் கொத்தளத்தில் வாளேற்பு ஒத்திகை நடந்தது. விடிந்தால் அவள் பட்டத்து வாரிசு. பதினேழு வயதில் வாளை வாங்கிக்கொண்டு சத்தியம் செய்யவேண்டும். ஒத்திகையில் வாளை நீட்டினார்கள், பீரங்கி வெடித்தது. அடுத்த கணம் அவள் கல்தரையில் குப்புறக் கிடந்தாள், தலையைக் கைகளால் மூடிக்கொண்டு. தொண்டையிலிருந்து ஒரு கத்தல் வெளியே போயிருந்தது.

"மாதாவே!"

தவில்காரர் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குருக்கள் இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டார். சிவன் கோயில் மணி அடித்துத்தான் அரண்மனையில் விளக்கே ஏற்றுவார்கள். மாதாவைக் கூப்பிடுவது வடமுனைக் கடற்கரைக்காரர்கள்; மாதா கோயில் அவர்களுடையது. எல்லாரும் சிரித்த இடத்தில் மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் உமையாளைப் பார்க்கவும் இல்லை. படை டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கீழே பார்த்தார்.

அவள் குழாயை மூடிவிட்டுக் கதவைத் திறந்தாள். மாமாவின் கையில் பால் டம்ளர் இருந்தது.

"நான் ஏன் மாமா அப்படிக் கத்தினேன்?"

"ஒண்ணரை வருஷம் படையில அந்த வடமுனைப் புள்ளைங்க கூடப் படுத்து எந்திரிச்சிருக்க. நாலு சொல்லு ஒட்டிக்கிட்டு வரத்தான் செய்யும். நான் படையிலேருந்து திரும்பி வந்து பேசின பேச்சுக்கு உங்க நாச்சி ஒரு வாரம் என்கிட்ட முகங்கொடுத்துப் பேசல, தெரியுமா?"

நாச்சி என்றால் அம்மா. அரண்மனைப் பிள்ளைகள் ராணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். உள்கட்டுக்கு வெளியே தெரியாத சொல். படைக்கு அனுப்பும்போதுகூட, 'அங்கே எங்கம்மான்னே சொல்லணும்' என்று பத்துத் தடவை படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்கள். ராணிக்கு உமையாள் ஒரே பிள்ளை.

"பயத்துல வர்றது ஒட்டிக்கிட்ட சொல்லா இருக்குமா மாமா? குதிரையிலேருந்து விழுந்தப்ப நான் நாச்சியத்தானே கூப்பிட்டேன்?"

"அப்ப நீ சின்னப் புள்ள." டம்ளரை அவள் கையில் வைத்தார். "குடிச்சிட்டுப் படு. தூங்கி எந்திரிச்சா எல்லாம் சரியாப் போயிரும்."

இந்த வார்த்தையை அவள் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறாள். வடமுனையில் அந்தப் படகுச் சம்பவம் நடந்த இரவு, படை ஆஸ்பத்திரியில், இதே மாமா. தூங்கி எந்திரிச்சா எல்லாம் சரியாப் போயிரும். அன்றைக்கும் பாலில் இதே ஜாதிக்காய் வாசனை.

"குடிக்கிறேன் மாமா. நீங்க போங்க. தலைமுடிய அவிழ்த்துட்டுப் படுக்கிறேன்."

அவர் போனதும் பாலைக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். படுத்துக் கண்ணை மூடினாள். விரல் தன்னால் காதுக்குப் பின்னால் போனது. தோலுக்கடியில், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சில்லு. படையில் சேர்கிற எல்லாருக்கும் அது உண்டு. பிள்ளைகள் அதைத் துவரை என்றுதான் சொல்வார்கள். பழைய சிப்பாய் ஒருவரின் கைப்பழக்கத்தை ஒரு பெட்டியில் எடுத்து, புது ஆள் தூங்கும்போது துவரை வழியாக ஏற்றிவிடுவார்கள். துப்பாக்கியைக் கழற்றி மாட்ட மாதக்கணக்கில் பழகவேண்டாம், ஒரு ராத்திரித் தூக்கம் போதும். கொடுத்தவருக்குத்தான் மூளையில் அந்த இடம் வெளுத்துப்போகும், பழக்கம் மறந்துபோகும். கயிறு முடிச்சுப் பழக்கத்தைக் கொடுத்த பென்ஷன் ஹவில்தார் ஒருவர் வேட்டி கட்டத் தெரியாமல் அதன்மேல் பெல்ட் போட்டுக்கொண்டு படைப் பாளையத்தில் திரிந்தார். பிள்ளைகள் சிரிப்பார்கள். உமையாளும் சிரித்தவள்தான்.

சட்டம் ஒன்றே ஒன்று. கைப்பழக்கத்தை ஏற்றலாம், ஒருவருக்கு நடந்ததை இன்னொருவருக்கு ஏற்றக்கூடாது.

கதவு மெல்லத் திறந்தது. அவள் மூச்சை நீளமாக விட்டாள். ஒரு விரல் வந்து காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தது.

"தூங்கிட்டா," என்றது மாமாவின் குரல், மிக மெதுவாக.

"இன்னும் கொஞ்சம் அசரட்டும் சார்." இது டாக்டர். "இன்னைக்குச் சாயங்காலத்தை மட்டும் எடுத்துட்டா போதுமா?"

"அந்தக் கத்தல் வராம செய்ய முடியாதா?"

"ஏத்தினதுல பார்த்தது, செஞ்சது எல்லாத்துக்கும் அவங்க மூளையே அவங்க முகத்தை, கையை வரைஞ்சு ஒட்டிக்கும். பயத்துல வர்ற சொல்லு மட்டும் அப்படியே கெடக்கும் சார். அதை மாத்த நமக்குத் தெரியாது."

கதவு மூடிக்கொண்டது. அவள் எழுந்தாள். கால் நடுங்கியது. ஒத்திகைக்குப் போட்ட பட்டுச் சட்டையைக்கூட மாற்றவில்லை. குளியலறையின் பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்கு இறங்கினாள். கோட்டைச் சிறை அதே மதிலுக்குள்தான் இருக்கிறது.

நடக்க நடக்க அந்தப் படகுச் சம்பவம் நடந்த சாயங்காலம் மனசுக்குள் ஓடியது. வடமுனைக் கடல். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சத்தமில்லாத ரோந்துப் படகில் இரண்டு துப்பாக்கிகள். ஒன்றில் அவள், மற்றதில் வடமுனை மீனவப் பெண் அமலி. விளக்கில்லாமல் ஒரு படகு வந்தது. அதில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். "சுடு!" என்றார் அதிகாரி. அது தட்டு என்று அவளுக்குத் தெரிந்தது. எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு. கடலில் விளக்கு அணைந்து தத்தளிக்கிறவர்கள் தட்டைத் தூக்கிப் பிடித்துத் தட்டுவார்கள். அவள் கையை எடுத்துவிட்டாள். பக்கத்துத் துப்பாக்கி வெடித்தது. கரை மூழ்கி ஊரைவிட்டு வந்த குடும்பம் அது. அப்பாவும், அவர் மடியிலிருந்த பிள்ளையும் போய்விட்டார்கள்.

அமலி தானே ஒப்புக்கொண்டாள். அவளுக்கு ஆயுள் தண்டனை. உமையாளுக்கு ஊர் முழுக்கப் பாராட்டுத் தட்டிகள்: சுடாத கை. போருக்குக் கையெழுத்துப் போடுகிறவர், துப்பாக்கி முனையில் நின்று தன் கையைத் தானே ஆண்டவராக இருக்கவேண்டும் என்று தாத்தா காலத்துச் சாசனம். அதனால்தான் வாரிசு படைக்குப் போவது. அதனால்தான் அந்தச் சத்தியம்: 'நெருப்பின் முன் நின்றேன். என் கை என் சொல் கேட்டது.'

அது தட்டு என்று எப்படித் தெரிந்தது என்று ஒரு நிருபர் கேட்டார். "தெரிஞ்சுது," என்று சொல்லிவிட்டாள். அரண்மனையில் தட்டு என்றால் வெள்ளித் தட்டு. அது சோற்றோடு வரும், கழுவப் போகும். கடலில் அதைத் தட்டுவார்கள் என்று அவளுக்கு யார் சொன்னது?

கையை எடுத்தது அவள் இல்லையென்றால்? படகில் துப்பாக்கி இரண்டுதான். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சிறை வாசலில் ஹவில்தார் லூர்து விறைப்பாக எழுந்து நின்றார்.

"இந்நேரத்துலயாம்மா?"

"சத்தியத்துக்கு முந்தின ராத்திரி ஒரு கைதியைப் பார்த்து மன்னிக்கிறது வழக்கம்." நாக்கில் வந்த பொய்.

இப்படி ஒரு வழக்கம் உண்டா என்று அவர் கேட்கவில்லை. சாவியை எடுத்தார். கேட்காததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அமலி கம்பிக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் பதினேழுதான். பாளையத்தில் இருவருக்கும் மேலும் கீழுமாக ஒரே கட்டில்.

"ஆத்தாடி, பட்டெல்லாம் உடுத்தி வந்திருக்கா! எட்டி, பூட்ஸுக்குக் கயிறு கட்டவாவது படிச்சியா, இல்ல அதுக்கும் ஆளு வச்சிருக்கியா?"

உமையாள் கம்பியருகே தரையில் உட்கார்ந்தாள். சிரிக்க முயன்று முடியவில்லை.

"அமலி, எனக்குப் பயமா இருக்கு. நான் தூங்கக்கூடாது. தூங்கினா இதை மறந்துடுவேன். என்னைத் தூங்கவிடாதே."

"எதைட்டி மறந்துருவ?"

"அன்னைக்குப் படகுல நடந்ததை எனக்கு ஞாபகம் இருக்கிற மாதிரியே சொல்றேன். குறுக்கே பேசாம கேளு. கச்சான் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு..."

"நில்லு." அமலி நிமிர்ந்தாள். "கச்சானா? ஒங்க வீட்டுல அதுக்கு என்ன சொல்லுவீய?"

உமையாள் யோசித்தாள். "மேல்காத்து."

"கச்சான்னு எங்க கரையிலதான் சொல்லுவோம். சரி, சொல்லு."

"அந்த வெளிச்சத்தைப் பார்த்தவுடனே எனக்கு அப்பா ஞாபகம் வந்துச்சு. பாய் கிழிஞ்ச கட்டுமரத்துல, இடுப்பளவு தண்ணியில, தட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். நான் கரையிலேருந்து பார்த்துக்கிட்டு நிக்கிறேன், குட்டிப் பொண்ணா." அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அமலி, எங்கப்பா கடலுக்கே போனதில்ல. படகுல ஏறினா அவருக்கு வாந்தி வரும். திருவிழாத் தெப்பத்துலகூட எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டுதான் உக்காந்திருப்பார்."

அமலி கம்பியருகே நகர்ந்து வந்தாள்.

"தட்டப் பிடிச்சிருந்த கையில," என்றாள், "சுண்டுவெரலு இருந்துச்சா?"

"இல்ல."

"சுறா கடிச்சது. அது எங்கப்பா." அமலி தன் நெற்றியை உள்ளங்கையால் தேய்த்தாள், அங்கே எதையோ தேடுவதுபோல. "அந்த நாளு எனக்கு ஞாபகமே இல்ல பிள்ள. அப்பிடி ஒண்ணு நடந்துச்சின்னு அம்மா சொல்லித்தான் தெரியும். சின்னப்பிள்ளையில நடந்தது, மறந்துபோச்சின்னு இருந்தேன். துவரை வழியா அதையும் சேத்தா எடுத்தாவ?"

லூர்து வந்து ஒரே ஒரு டம்ளரில் கடுங்காப்பி வைத்துவிட்டுப் போனார். உமையாள் குனிந்து முகர்ந்து பார்த்தாள். கருப்பட்டி வாசனை. அதற்கு அடியில் வேறு ஏதாவது இருக்குமோ?

"கொண்டா இங்க." அமலி டம்ளரை வாங்கிப் பாதியைக் குடித்தாள். "செத்தா நான் மொதல்ல சாவுதேன். குடி."

உமையாள் குடித்தாள். "இப்ப நீ சொல்லு. உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?"

"எனக்கா? எனக்கு அது தட்டுன்னு தெரியல. துப்பாக்கி வெளிச்சம்னுதான் நெனச்சேன். பயந்துபோனேன். வெரலு இழுத்துருச்சு." ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டினாள். "ஒருநா எங்கம்மா வந்தா. நீ இருக்கிற எடத்துலதான் நின்னா. 'தட்டுத் தெரியாதாட்டி ஒனக்கு? கடலுல பொறந்த பிள்ளதான நீ?'ன்னு கேட்டா. அப்புறம் அவ வரல. அப்பா வரவே இல்ல. சுட்டதுக்குக்கூட இல்ல பிள்ள, தட்டுத் தெரியாமப் போனதுக்குத்தான் அவுகளால மன்னிக்க முடியல."

"சுட்டப்ப நீ ஏதாவது கத்தினியா?"

"கத்துனேன்." அமலி முகத்தைச் சுளித்தாள். "அதுதான் இன்னும் வெளங்கல. வக்கீலு கேட்டாரு, 'அப்ப ஒன் வாயில என்னம்மா வந்துச்சு?'ன்னு. சொன்னேன். அவரு, 'அது யாரு?'ன்னாரு. எனக்கு எப்பிடித் தெரியும்? எங்க தெருவுல அப்பிடி ஆரும் கெடையாது. புத்தி சரியில்லன்னு எழுதுனா தண்டன கொறையும்னு பாத்தாரு, அதுவும் எடுபடல."

"என்ன சொல்லு அது?"

"நாச்சி."

உமையாளின் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. அது உருண்டு சுவரில் முட்டி நிற்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாச்சின்னா," என்றாள் உமையாள், "எங்கம்மா. இந்தத் தீவுல அப்படிக் கூப்பிடுறது நான் ஒருத்திதான்."

அமலி கத்துவாள், கம்பி வழியே கையை நீட்டித் தன் கழுத்தைப் பிடிப்பாள் என்று நினைத்தாள். பிடித்தால் நல்லது என்றுகூட இருந்தது. அமலி அசையவில்லை.

"அப்பம் நான் கொல்லலியா?" அந்த வாக்கியத்தை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். புது உடுப்பைப் போட்டுப் பார்க்கிற மாதிரி. பிறகு தலையை ஆட்டினாள். "இல்ல பிள்ள, பொருந்தல. வெரலு இழுத்தது எனக்குத் தெரியுது. அந்தச் சின்னது மடியிலேருந்து சரிஞ்சது எனக்குத் தெரியுது. நீ சொன்ன ஒடனே அது எங்க போவும்?"

"எனக்கு அது எதுவுமே இல்ல." உமையாளுக்கு அழுகை வந்தது. "நான் கொன்னிருக்கேன். ஒரு ராத்திரிகூட அதுக்காக முழிச்சதில்ல. எல்லாரும் மாலை போட்டாங்க, வாங்கிக்கிட்டேன். நேத்துகூட நல்லாத் தூங்கினேன், அமலி."

"ஒங்க மாமா வேலையா?"

"நாச்சிக்கு உடம்பு சரியில்ல. எனக்கு வாளேற்பு நடக்கலன்னா சிம்மாசனம் வேற பக்கம் போயிடும். சுட்ட கைக்கு வாள் குடுக்க மாட்டாங்க." பட்டுச் சட்டையின் கையால் மூக்கைத் துடைத்தாள். "காலையில சொல்லிடறேன். கொத்தளத்துல, எல்லார் முன்னாடியும். என் கை என் சொல் கேக்கலன்னு சொல்றேன். சுட்டது நான்னு சொல்றேன். உன்னை விட்டுருவாங்க."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"சொல்லாத." அமலியின் குரல் தாழ்ந்துபோனது. "பேசாமப் போய்ப் படு. பாலக் குடி. ராணியாகு. வெளிய போயி நான் ஆரு மொகத்துல முழிக்க? இங்கன சோறு வருது, சுவரு இருக்கு. சொன்னா நம்ம ரெண்டு பேரையும் கொன்னு போட்டுருவாவ. பேசாம இருந்தா ஒண்ணும்..."

அவள் பாதியில் நிறுத்தினாள். தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தாள், சாயங்காலம் உமையாள் பொத்திக்கொண்ட மாதிரியே.

"எட்டி," என்றாள். "நான் இப்பிடிப் பேசுதவளா?"

பாளையத்து அமலி உமையாளின் ஞாபகத்துக்கு வந்தாள். சோற்றில் புழு இருந்ததற்கு மேஜர் முன்னால் தட்டைக் கவிழ்த்தவள். சாமான் அறையில் பூட்டிவைத்தபோதும் உள்ளேயிருந்து பாட்டுப் பாடி எல்லாரையும் சிரிக்கவைத்தவள். அன்றைக்கெல்லாம் உமையாள்தான் கீழ்க்கட்டிலிலிருந்து கெஞ்சுவாள்: பேசாம இரு அமலி, பேசாம இருந்தா ஒண்ணும் ஆகாது.

வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, பல. லூர்து யாருக்கோ, "இல்லீங்க சார், யாரும் வரலீங்க சார்," என்று வேண்டுமென்றே உரக்கச் சொல்வது கேட்டது. அதற்குப் பிறகு மாமாவின் குரல், அதே கனிவோடு.

"கண்ணு? உள்ள இருக்கியாடா? வா, தூங்கலாம்."

உமையாள் எழுந்தாள். கால் நடுங்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு நேரம் நடுங்கியது எங்கே போயிற்று?

"நான் தூங்க மாட்டேன்," என்றாள். "விடியிற வரைக்கும் எப்படியாவது முழிச்சிருந்து சொல்லிடுவேன். சத்தியமா."

அமலி கம்பிக்கு இடையே கையை நீட்டி அவள் பட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது. போகவிடாமல் பிடித்த மாதிரியும் இருந்தது, போ என்று தள்ளுகிற மாதிரியும் இருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. அன்னைக்குக் கைய எடுத்தவ நான். அவ இப்பம் ஒனக்குள்ள இருக்கா. பயந்து சுட்டவ நீ. அவ இங்க எனக்குள்ள குத்தவச்சு உக்காந்திருக்கா." பூட்ஸ் சத்தம் நடைக்குள் வந்துவிட்டது. "உண்மயச் சொல்லணும்னு ஒனக்குத் தோணுது. மூடிக்கிட்டுக் கெடக்கலாம்னு எனக்குத் தோணுது. விடிஞ்சி அத்தன பேரு முன்னால நின்னு சொல்லப்போறது ஆரு பிள்ள, நீயா, நானா?"